பருத்திப்பட்டுச் செவலைக்கு நான் போட்ட மதிப்பெண்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குப் பெரம்பூரில் இறங்கினேன். ஈரோட்டிலிருந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. நான் போக வேண்டியது ஆவடிக்கு. ஆனால் நான் வந்த வண்டி ஆவடியில் நிற்காது. அதைத் தாண்டிப் பெரம்பூர் வரைக்கும் வந்து, மின்சார ரயில் பிடித்து வந்த வழியே திரும்ப வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவர் ஒரு தடவையாவது கையில் பெட்டியோடு பயணம் செய்து பார்த்திருக்க மாட்டார்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம். நான் ஈரோட்டுப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தேன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அக்கா வீடு. நான்கு நாள் விடுப்பு. விடுப்பில் போகிறவள் புடவையும் புத்தகமும் எடுத்துப் போவாள். என் பையில் கால்குலேட்டரும் ஒரு அட்டையும் இருந்தன. புதன்கிழமை ஈரோட்டில் எங்கள் கால்நடை மருத்துவர் குழு கூடுகிறது. அதற்குள் அந்த அட்டையை முடித்தாக வேண்டும்.

மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் அம்பத்தூர் எஸ்டேட்டில் திருகாணி செய்யும் பட்டறைக்குப் போகிறவள். வில்லிவாக்கம் தாண்டியதும் நான் அட்டையை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். அது என்னவென்று கேட்டாள். பசு மாடுகளுக்கு மதிப்பெண் போடும் அட்டை என்றேன். கொரட்டூர் வரும் வரை யோசித்துவிட்டு, "எங்கூட்டுப் பசங்களுக்கே மார்க்கு வர்ல, மாட்டுக்கு வேறயா?" என்றாள். அம்பத்தூரில் அவளோடு பெட்டியில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

படிக்கிறவர்களுக்கும் அதே கேள்வி இருக்கும், சொல்லிவிடுகிறேன். ஒரு பசு நிறையப் பால் கறக்கும், ஆனால் சினை பிடிக்கத் தாமதமாகும். இன்னொன்று குறைவாகக் கறக்கும், கொழுப்பு நன்றாக இருக்கும், வருஷத்துக்கு ஒரு கன்று போடும். இரண்டில் எதன் வாரிசை வளர்ப்பது? கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு லிட்டர் பால் கூடினால் வீட்டுக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும், கொழுப்பு கூடினால் எத்தனை, இரண்டு ஈற்றுக்கு நடுவே ஒரு மாதம் குறைந்தால் எத்தனை என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த அளவுக்கு எடை கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதுதான் என் அட்டையின் வேலை. எந்த மாட்டுக்கு எண் பெரியதோ அதன் கன்றை வளர்க்க வேண்டும். ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. எனக்கு அதில் பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஏழு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நான் முதலில் பார்த்தது அக்காவை அல்ல, ஒரு பசு மாட்டை. செவலை நிறம், ஜெர்சிக் கலப்பு. கம்பி கேட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றது. அதை ஓட்டி வந்த பெண் அலுமினியப் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அக்காவிடம் காட்டினாள். தண்ணீர் இல்லை என்று அக்கா தலையாட்டிய பிறகுதான் குந்தி உட்கார்ந்து கறந்தாள். கன்று கூட இல்லை. மடியில் கை வைத்ததும் பால் இறங்கியது. அந்த வீடு முடிந்ததும் அடுத்த கேட். அங்கே திருநெல்வேலி அம்மா சொம்போடு நின்றார். பாத்திரம் மறுபடி கவிழ்ந்தது. அதற்கடுத்து மதுரைக்காரர் வீடு. இப்படிப் பதினோரு வீடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் பால்தான் சொசைட்டிக்குப் போகும், மாடு போகாது. கல்யாண ஊர்வலம் மாதிரி மாட்டைத் தெருத்தெருவாக நடத்தினால் தின்ற தீவனமெல்லாம் நடையிலேயே போய்விடாதா என்று அக்காவிடம் கேட்டேன். "வந்ததும் வராததுமா உன்ற டாக்டர் வேலையக் காட்டாத சரசு, போயி பல்லு வெளக்கு" என்றாள்.

பால்காரப் பெண்ணின் பெயர் தேசம்மா. முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் அப்பா, அம்மா எல்லாம் பருத்திப்பட்டு ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது அந்த வயல்களில் பாதி மனைகள். கணவர் ஏழுமலை திருமழிசைத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். தேசம்மாவுக்கு இரண்டு பசுக்கள். செவலையைத்தான் பார்த்தேன், இன்னொன்று கறுப்பி, வீட்டிலேயே கறந்து பால் சொசைட்டிக்குப் போகிறது. இரண்டையும் பக்கத்து காலி மனையில் கட்டி வந்தாள். அந்த மனை விற்றுப் போய், கடைக்கால் தோண்டிவிட்டார்கள். தன் வீட்டு ஓரத்தில் ஒரு மாடுதான் நிற்க முடியும். ஒன்றை விற்றாக வேண்டும். நசரத்பேட்டையில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். எதை விற்பது, எதை வைத்துக்கொண்டு பிழைப்பது? அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. நான் மாட்டு டாக்டர் என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள்.

"நீ வந்து பாத்து சொல்லு டாக்டரம்மா. நீ எத்த சொல்றியோ அத்த வெச்சிக்கறேன்."

இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டு எந்த மருத்துவருக்குத்தான் தலை கனக்காது?

மாலை நான்கரைக்கு ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் ஏறிப் பருத்திப்பட்டில் இறங்கினேன். டிக்கெட் முக்கால் ரூபாய். ஏரியில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது, நாரைகள் நின்றன. தேசம்மா இரண்டு மாடுகளின் கதையையும் ஒரு ஈற்று விடாமல் சொன்னாள். நாள், கிழமை எல்லாம் நினைவு. கறுப்பி உயர்ந்த ஃபிரீசியன் கலப்பு, பன்னிரண்டு லிட்டர். செவலை எட்டுதான், ஆனால் மூன்று மாதச் சினை. கையை விட்டுப் பார்த்து உறுதி செய்தேன். அங்கேயே ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினேன். கறுப்பிக்கு எழுபத்து நான்கு. செவலைக்கு ஐம்பத்தொன்று. சந்தேகத்துக்கே இடமில்லை, செவலையை விற்றுவிடு என்றேன்.

தேசம்மா செவலையின் நெற்றியைத் தடவினாள். பிறகு சரி என்றாள். ஏழுமலைக்கு மகிழ்ச்சி. அவருக்குக் கறுப்பியைத்தான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை தனக்கு வேலை இல்லை, அன்றே ஓட்டிப்போய் விட்டு வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை அம்பத்தூர் ஓ.டி.க்குப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு தட்டச்சு நிலையம். என் அட்டையை ஸ்டென்சில் வெட்டி நாற்பது பிரதி உருட்டிக் கொடுத்தார்கள். மை காயும்வரை கீழே பன்னீர் சோடா குடித்தேன். அன்றைக்கு முழுக்க நான் எவ்வளவு திருப்தியாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே தேசம்மா வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே கறுப்பி நின்றது. செவலையை ஏழுமலை நாலரைக்கே நசரத்பேட்டைக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். பத்து கிலோமீட்டர், வெயிலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். இனி இந்த வீடுகளுக்குக் கறுப்பிதானே வர வேண்டும்? தேசம்மா பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அக்கா தலையாட்டினாள். தேசம்மா உட்கார்ந்து காம்பைப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை.

மடியைத் தடவினாள், தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கறுப்பி காதை முன்னால் நீட்டித் தெருவையே பார்த்தது. ராணுவ கேம்ப் லாரி ஒன்று போனது. மாடு நாலு காலும் நடுங்கிப் பின்வாங்கியது. நான் உட்கார்ந்து படித்த வித்தையெல்லாம் காட்டினேன். ஒரு டம்ளர் கூட முழுதாக வரவில்லை. மடி கல் மாதிரி நிறைந்திருந்தது. பால் இல்லாமல் இல்லை. தெரியாத வாசலில், கன்று இல்லாமல், அது விட மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான்.

என் பையில் ஊசி மருந்து இருந்தது. பால் இறக்கப் போடுவது. தேசம்மா அதைப் பார்த்துவிட்டு, "வேணாம்மா. ஊசி போட்ட பால இவுங்க கையால தொட மாட்டாங்கோ. பாத்துக்கினு கீறாங்க பாரு" என்றாள். உண்மைதான். பதினோரு வீட்டுச் சொம்புகளும் கேட்டருகே வந்துவிட்டன. பிள்ளைக்குப் பால் இல்லாமல் என்ன செய்வது என்று திருநெல்வேலி அம்மா கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. நாளையிலிருந்து பாக்கெட் பாலே வாங்கிக்கொள்கிறேன் என்று மதுரைக்காரர் சொல்லிவிட்டு உள்ளே போனார். தேசம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன். என் எடைகளெல்லாம் சொசைட்டி விலையில் போட்டவை. சொசைட்டியில் லிட்டர் நாலு ரூபாய், கொழுப்பு பார்த்து. இந்த வாசலில் ஏழு ரூபாய், கொழுப்பை யாரும் பார்ப்பதில்லை, கண்ணெதிரே கறந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். அந்த ஏழு ரூபாயை சம்பாதிப்பது பால் அல்ல. நடந்து வந்து, பதினோரு வாசலிலும் நின்று, லாரி போனாலும் அசையாமல் பால் விடுகிற குணம். அந்தக் குணத்துக்கு என் அட்டையில் வரியே இல்லை. வெள்ளிக்கிழமை காலை என் கண்ணெதிரே அது நடந்தது, நான் பார்த்துச் சிரித்துவிட்டுப் பல் விளக்கப் போனேன். திரும்பக் கூட்டினேன். இந்தத் தெருவுக்குச் செவலை எண்பத்தொன்று, கறுப்பி முப்பத்தாறு.

தப்பு என்னுடையது, செவலையை விற்கக் கூடாது என்று தேசம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அது இந்நேரம் பூந்தமல்லி தாண்டிருக்கும். எழுந்திரு டாக்டரம்மா" என்றாள், அவ்வளவுதான். கறுப்பியை வாசல் வேப்ப மரத்தில் கட்டி அக்காவிடம் ஒப்படைத்தோம். தன் வாழ்நாளில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியறியாத என் அக்கா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஏழு மணிக்கு பஸ். ஞாயிற்றுக்கிழமைக் காலை பஸ் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் வரும்வரை நின்றது. நான் கண்டக்டரிடம் இரண்டு தடவை எரிந்து விழுந்தேன். ஏன் இத்தனை அவசரம் என்று அவர் தேசம்மாவைக் கேட்டார். மாட்டை விற்கப் போகிறார்கள், நிறுத்த வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கேயும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வண்டியை நிற்க விடவில்லை. கரையான்சாவடி தாண்டி ஏழு முப்பத்தைந்துக்குப் பூந்தமல்லி. அங்கிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்னொரு பஸ். நசரத்பேட்டையில் இறங்கும்போது எட்டாகப் பத்து நிமிஷம்.

வாங்குகிறவர் பெயர் கன்னியப்பன். ஓலைக் கொட்டகையில் ஆறு மாடுகள், தரையெல்லாம் கழுவி விட்டிருந்தது. பார்த்ததுமே நல்ல மாட்டுக்காரர் என்று தெரிந்தது. ஏழாவதாகச் செவலை நின்றது. அதன் கழுத்தில் புத்தம் புதுக் கயிறு. ஏழுமலை பழைய கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தேசம்மா அங்கேயே நின்றுவிட்டாள். எனக்கும் புரிந்தது, எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். மாட்டை விற்கிறவர் கயிற்றைக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர் தன் புதுக் கயிற்றைக் கட்டுவார், பழையது விற்றவரோடு வீட்டுக்குப் போகும். கயிறு மாறினால் மாடு மாறியது. அதற்கு மேல் பேச்சில்லை.

நான் கன்னியப்பனிடம் பேசினேன். அட்டையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, என் தப்பு என்று ஒப்புக்கொண்டு, செவலைக்குப் பதில் கறுப்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பாலெல்லாம் சொசைட்டிக்குத்தான் போகிறது. மாடு கொட்டகையை விட்டு நகராது, கன்று பக்கத்திலேயே இருக்கும். அவருக்குக் கறுப்பிதான் எழுபத்து நான்கு, செவலை ஐம்பத்தொன்று. எண்களை அவர் கண்டுகொள்ளவில்லை.

"நான் மொதல்ல கேட்டதே கறுப்பியத்தாம்மா. இந்தம்மாதான் செவலையத் தரேன்னுச்சு. மாத்திக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கட்டின கயித்த நானே அவுத்து உட்டா, கொட்டாயில அடுத்த மாடு தங்காது. நீங்க புதுசா கயிறு கொண்டாந்து, எங்கிட்டேர்ந்து வாங்கிக்கினு போறதா இருந்தா இட்டுகினு போங்க."

அந்தப் பழைய கயிறு? ஊஹூம், அது விற்ற கயிறு, ஆகாது. புதுசுதான் வேண்டும். நசரத்பேட்டையில் கயிற்றுக் கடை ஞாயிறு விடுமுறை. திருமழிசையில் கிடைக்கலாம் என்றார். படித்தவள் என்ற முறையில் எனக்கு வாயில் நான்கு பதில் வந்தது. தேசம்மா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனேன்.

பஸ் வரவில்லை. மூன்று கிலோமீட்டரில் பாதியை நடந்தே போன பிறகு ஒன்று வந்தது, டிக்கெட் ஐம்பது பைசா. தொழிற்பேட்டை கேட்டெல்லாம் பூட்டிக் கிடந்தது. கோயில் தெருவில் ஒரு மளிகைக் கடையின் விட்டத்தில் கயிறுகள் தொங்கின. மாட்டுக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். வாங்கினதா, விற்றதா என்றார். இரண்டும்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நல்லதாக ஒன்றை இழுத்துக் கொடுத்தார். ஏழு ரூபாய். நான் ஆறு மாதம் போட்ட கணக்கில் உருப்படியாக ஒரு வேலை செய்தது அந்த ஏழு ரூபாய்தான் என்று திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதேகாலுக்குத் தேசம்மா செவலையின் கழுத்தில் அந்தக் கயிற்றைக் கட்டினாள். கன்னியப்பன் தன் கயிற்றை அவிழ்த்துக் கூரையில் செருகிக்கொண்டார். சாயங்காலம் ஏழுமலை கறுப்பியையும் கன்றையும் கொண்டுவந்து விடுவது என்றும், கூடுதல் விலை என்ன என்றும் அவர்கள் மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செவலையோடு நாங்கள் பருத்திப்பட்டு வரை நடந்தே வந்தோம். வெயில் ஏறிவிட்டது, என் செருப்பு வார் அறுந்தது. வழியில் தேசம்மா ஒரு சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு சந்தோஷமாக நான் வெயிலில் நடந்ததில்லை.

திங்கள் காலை கேட்டில் சொம்புகள் எல்லாம் வந்திருந்தன, மதுரைக்காரர் சொம்பு உட்பட. பாத்திரம் கவிழ்ந்தது. லாரி ஒன்று போனது. செவலை அசை போட்டுக்கொண்டே பால் விட்டது. கறந்து எழுந்தவள் என்னிடம் கேட்டாள்:

"இப்ப இதுக்கு எத்தினி மார்க்கு?"

"உன் கணக்குல எண்பத்தொண்ணு."

"அது எனக்கே தெரியும். வயித்துல கீதே, அதுக்கு எத்தினி போடுவே?"

பால் அளவு தாயிடமிருந்து மகளுக்கு எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். கொழுப்பும் தெரியும். தெரியாத வாசலில் நின்று பால் விடுகிற குணம் வருமா, வராதா? எந்தக் காளையின் பதிவேட்டிலும் அப்படி ஒரு பத்தி நான் பார்த்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் எழுதவில்லை. தெரியாது என்றேன். "பொறந்தா தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கேட்டுக்கு மாட்டைத் திருப்பினாள்.

அன்று பிற்பகல் சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினேன். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை, குலுங்குகிற வண்டியில், நாற்பது பிரதிகளிலும் கையால் ஒரு வரி சேர்த்தேன்: "பால் எங்கே, யாருக்கு, எப்படி விற்கப்படுகிறது?" அதன் கீழ் இன்னொரு வரி: "வெளி வாசலில் பால் விடும் குணம்." அதற்கான எடையை எழுதாமல் விட்டேன். எங்கள் ஊரில் மாடு தொழுவத்தை விட்டு நகராது. அங்கே அந்த வரிக்கு மதிப்பே இல்லை. ஈரோட்டுக்கு ஒரு நல்ல மாடு, ஆவடிக்கு ஒரு நல்ல மாடு என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. குழுவில் அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவள்தான்.

மூன்று வருஷம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. வீட்டுச் செய்தியெல்லாம் எழுதிவிட்டு, மடிக்கும் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: "செவலையோட மக தலையீத்து. இன்னைக்கு மொத தடவையா நம்ம வாசலுக்கு வந்தா. கன்னு இல்ல. நான்தான் பாத்திரத்தக் கவுத்துப் பாத்தேன். லாரி போச்சு. நின்னு பால் விட்டா."

ஒரு கிடேரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது எனக்குத் தெரியும், என் வேலையே அதுதான். ஆனாலும் மேசை இழுப்பறையிலிருந்து அந்த நாற்பதில் மிஞ்சிய ஒரு பிரதியை எடுத்து, காலியாகக் கிடந்த இடத்தில் ஒரு எண்ணை எழுதினேன், பென்சிலால்.